இருபொருளும் ஒருபொருளும்: பணியிட ஆங்கிலத்தில் சொல்லின் பொறுப்பு

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பத்து ஆண்டுகளாகச் சொல்லைப் பற்றியே கூடிப் பேசிவரும் அவை இது. ஒரு கவிதையில் ஒரு சொல் இருபொருள் தந்து நின்றால் இங்கே பாராட்டு எழும். காளமேகத்தின் சிலேடைகளைத் தமிழுலகம் இத்தனை நூற்றாண்டுகளாகச் சுவைத்து வருவதற்கும் அதுவே காரணம். அதே சொல் வேறோர் இடத்தில் இருபொருள் தந்துவிட்டால் உயிர்கள் போகின்றன. மனிதர் பலர் கூடி ஒரு வேலையைச் செய்து முடிக்கும் பணியிடமே அவ்விடம். அங்கு இன்று உலகின் பல பகுதிகளில் வழங்கும் மொழி ஆங்கிலம். அந்த ஆங்கிலத்தின் சொற்கள் எவ்வாறு தவறின, தவறிய பின் எவ்வாறு திருத்தப்பட்டன என்பதை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

கூட்டுப்பணிக்கு உரிய சொற்கள்

ஆங்கிலத்தில் உடன் பணிபுரியும் குழுவைக் குறிக்கும் 'டீம்' என்னும் சொல், பழைய ஆங்கிலத்தில் பிள்ளைப்பேற்றையும் கால்வழியையும் குறித்தது. பின்னர் ஒன்றாகப் பூட்டப்பெற்ற உழவு விலங்குகளைக் குறித்தது. மனிதக் குழுவைக் குறிக்கத் தொடங்கியது அதற்கும் பின்னரே. 'கம்பெனி' என்னும் சொல்லின் வேர், ஒரே அப்பத்தைப் பகிர்ந்து உண்போர் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல். 'கம்யூனிகேஷன்' என்பதன் இலத்தீன் வேரோ பொதுவாக்குதல் என்னும் பொருளுடையது. ஒரே நுகம், ஒரே அப்பம், பொதுவாக்கப்பட்ட செய்தி என மூன்றுமே கூட்டு வாழ்வைச் சுட்டுகின்றன.

வணிக ஆங்கிலம் கற்பிக்கும் கையேடுகளும் இச்சொற்களிலிருந்தே தொடங்குகின்றன. மேலாளரிடம் மாறுபட்ட கருத்தைச் சொல்லுமுன் 'தங்கள் மீதுள்ள மதிப்போடு' என்று தொடங்க வேண்டும். 'கூடாது' என்னாமல் 'இன்னொரு வழியும் உண்டோ என்று எண்ணுகிறேன்' என்று சொல்ல வேண்டும். 'ஒருவேளை', 'சற்றே', 'இயலுமானால்' என்பன போன்ற சொற்களைத் தூவிப் பேச வேண்டும் என்று அவை அறிவுறுத்துகின்றன. கடிதம் எழுதவும் நேர்காணலுக்குச் செல்லவும் இவை பயன்படும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இம்மென்மை எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதைப் பெரும்பாலான கையேடுகள் சொல்வதில்லை. அதைச் சொல்லித் தந்தவை விபத்துகளே. விமானத்தின் முன்னறையில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லும் கருவியில் பதிவாவதால், எந்தச் சொல் எங்கே தவறியது என்பதை ஐயத்திற்கு இடமின்றி அறிய முடிகிறது. ஆகவே இவ்வுரைக்கு வான்பயணத்துறை தலைமைச் சான்றாக அமைகிறது.

கோலாலம்பூரில் ஒரு சிலேடை

1989 பிப்ரவரி 19 அன்று சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்குச் சரக்கு ஏற்றிவந்த போயிங் 747 விமானம் ஒன்று தரையிறங்க அணுகிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டாளர் 2,400 அடிக்கு இறங்குமாறு பணித்தார். இலக்கங்களைத் தனித்தனியாக 'டூ, ஃபோர், ஜீரோ, ஜீரோ' என்று சொன்னார். ஆங்கிலத்தில் இரண்டு என்னும் எண்ணுக்கும், 'வரை' என்னும் பொருள் தரும் முன்னிடைச்சொல்லுக்கும் ஒலி ஒன்றே. விமானிகளின் செவியில் அது 'நானூறு அடி வரை இறங்குக' என்று விழுந்தது. அவர்கள் நானூறு என்றே திருப்பிச் சொன்னார்கள். அத்தவறு அங்கே பிடிபடவில்லை. விமானம் மலைச்சரிவில் மோதியது. அதிலிருந்த நால்வரும் இறந்தனர்.

புலவர் அவையில் இத்தகைய ஒலியொற்றுமை பரிசில் பெற்றிருக்கும். இன்றைய பன்னாட்டு விதிப்படி உயரத்தைச் சொல்லும்போது 'இரண்டு ஆயிரம், நான்கு நூறு' என்று ஆயிரமும் நூறும் சேர்த்தே சொல்லப்பட வேண்டும். ஒன்பது என்னும் எண்ணை ஆங்கிலேயரும் 'நைன்' என்னாமல் 'நைனர்' என்று நீட்டிச் சொல்ல வேண்டும். இரைச்சலில் அது ஐந்து என்று கேட்டுவிடலாகாது என்பது கருத்து. மொழியின் அழகுக்கு மாறாக மொழியையே வளைத்து ஒருபொருட்கு உரியதாக்கும் முயற்சி இது.

'சரி' என்னும் ஒரு சொல்

1977 மார்ச் 27 அன்று கேனரித் தீவுகளில் ஒன்றான டெனெரீஃபின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தை மூடுபனி சூழ்ந்திருந்தது. அருகிலுள்ள தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்கள் இங்கே திருப்பிவிடப்பட்டிருந்தன. நெதர்லாந்தின் கே.எல்.எம். விமானம் ஓடுபாதையின் ஒரு முனையில் புறப்பட ஆயத்தமாக நின்றது. அமெரிக்காவின் பான் ஆம் விமானம் அதே ஓடுபாதையில் எதிரே ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. ஒன்றையொன்று காண இயலாத பனி.

கே.எல்.எம். விமானத்திற்குப் புறப்பட்டபின் செல்லவேண்டிய வழி மட்டுமே அறிவிக்கப்பட்டது. புறப்பட அனுமதி தரப்படவில்லை. துணை விமானி அவ்வழியைத் திருப்பிச் சொல்லி, இறுதியில் 'நாங்கள் இப்போது டேக்-ஆஃபில்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரைச் சேர்த்தார். புறப்படும் இடத்தில் காத்து நிற்கிறார்கள் என்று கட்டுப்பாட்டாளர் அதற்குப் பொருள்கொண்டார். ஆனால் விமானம் அப்போதே ஓடத் தொடங்கியிருந்தது. டச்சு மொழியில் நிகழ்ந்துகொண்டிருக்கும் வினையை இவ்வாறே இடப்பொருள் தரும் சொல்லோடு சேர்த்துச் சொல்வர் என்பதை அமெரிக்க மொழியியலறிஞர் ஸ்டீவன் குஷிங் 1994இல் வெளியிட்ட நூலில் சுட்டிக்காட்டினார். தாய்மொழியின் இலக்கணம் அயல்மொழிச் சொற்களுக்குள் புகுந்து பேசியது என்பது இதன் கருத்து.

கட்டுப்பாட்டாளர் முதலில் 'ஓகே' என்றார்; சற்று நின்று, புறப்படாமல் காத்திருக்குமாறு பணித்தார். அதே நொடியில் பான் ஆம் விமானிகளும் தாம் இன்னும் ஓடுபாதையில் இருப்பதாகக் குரல் கொடுத்தனர். இரு குரல்களும் ஒரே அலைவரிசையில் மோதி இரைச்சலாயின. கே.எல்.எம். விமானத்தில் தெளிவாகக் கேட்டது 'ஓகே' மட்டுமே.

அதன் பின்னும் ஒரு வாய்ப்பு இருந்தது. விமானப் பொறியாளர் அந்த அமெரிக்க விமானம் பாதையை விட்டு விலகவில்லையா என்று தலைமை விமானியை வினவினார். தலைமை விமானி அந்நிறுவனத்தில் விமானிகளுக்குப் பயிற்சி தருவோருள் முதன்மையானவர். விலகிவிட்டது என்று அவர் அழுத்தமாக விடையிறுத்தார். பொறியாளர் மீண்டும் கேட்கவில்லை. இரு விமானங்களும் மோதியதில் 583 பேர் இறந்தனர். வான்பயண வரலாற்றின் மிகக் கொடிய விபத்து இன்றளவும் இதுவே.

இதன்பின் 'டேக்-ஆஃப்' என்னும் சொல்லுக்கு எல்லை வகுக்கப்பட்டது. புறப்பட அனுமதி தரும்போதும் அவ்வனுமதியை நீக்கும்போதும் தவிர அச்சொல்லை வானொலியில் பயன்படுத்தலாகாது. பிற இடங்களில் 'டிப்பார்ச்சர்' என்றே சொல்ல வேண்டும். அன்றாட வழக்கில் ஒருபொருட் கிளவிகளாக வழங்கும் இரு சொற்கள் ஓடுபாதையில் வெவ்வேறு பொருளுக்கு உரியனவாயின. 'ஓகே' போன்ற பொதுச்சொற்களுக்கு மாற்றாகவும் வரையறுத்த சொற்கள் உள்ளன. 'ராஜர்' என்றால் செய்தி முழுவதும் கிடைத்தது என்பது மட்டுமே பொருள். உடன்பாடு என்பது பொருளன்று. 'வில்கோ' என்றால் சொன்னபடி செய்யப்படும் என்பது பொருள். கேட்டலும் இசைதலும் வெவ்வேறு என்பதை இவ்விரு சொற்களும் காக்கின்றன.

மென்மை தவறிய இடம்

1990 ஜனவரி 25 இரவு. கொலம்பியாவின் அவியான்கா நிறுவனத்தின் போயிங் 707 விமானம் 158 பேருடன் நியூயார்க்கை நெருங்கியது. வானிலை சீராக இல்லாமையால் வழியில் மூன்று முறை, மொத்தம் ஏறத்தாழ ஒன்றே கால் மணி நேரம், அது வானிலேயே வட்டமிட வைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. துணை விமானியே ஆங்கிலத்தில் வானொலி வழிப் பேசினார். தங்களுக்கு முன்னுரிமை வேண்டும் என்றார். எரிபொருள் தீர்கிறது என்றும் சொன்னார். ஆனால் 'எமர்ஜென்சி' என்னும் சொல்லையோ, பேரிடரை அறிவிக்கும் 'மேடே' என்னும் சொல்லையோ அவர் சொல்லவில்லை. தலைமை விமானி தம் தாய்மொழியில், நெருக்கடி என்று சொல்லுமாறு துணை விமானியைப் பணித்தது பதிவில் உள்ளது. கட்டுப்பாட்டாளர்க்கு அது முன்னுரிமை என்றோ எரிபொருள் குறைவு என்றோ மட்டுமே மாறிச் சென்றது.

கட்டுப்பாட்டாளர்களின் செவிக்கு அச்சொற்கள் அன்றாடச் சொற்களே. தரையிறங்க அணுகும் எந்த விமானத்திலும் எரிபொருள் குறைந்துகொண்டுதான் இருக்கும். முன்னுரிமை வேண்டும் என்பது ஒரு வேண்டுகோள்; நெருக்கடி என்பதோ ஓர் அறிவிப்பு. அறிவிப்பு வந்தால் வானமே அவ்விமானத்திற்கு ஒதுக்கித் தரப்படும். முதல் முறை தரையிறங்க முயன்று இயலாமல் மேலெழுந்த விமானம், எரிபொருள் முற்றும் தீர்ந்து லாங் ஐலண்டின் கோவ் நெக் பகுதியில் விழுந்தது. 73 பேர் இறந்தனர். எரிபொருள் நெருக்கடியை விமானிகள் உரியவாறு தெரிவிக்காமையை ஆய்வுக்குழு காரணங்களுள் ஒன்றாகக் கூறியது. எரிபொருளின் நிலையைச் சுட்ட அனைவர்க்கும் ஒரேபொருள் தரும் கலைச்சொல் இல்லாமையையும் அது குறிப்பிட்டது. 2012இல் பன்னாட்டு விதிகளில் 'மினிமம் ஃபியூயல்', 'மேடே ஃபியூயல்' என்னும் இரு தொடர்களும் இடம்பெற்றன. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து அந்தச் சொல் கிடைத்தது.

அத்துணை விமானி ஆங்கிலம் அறியாதவர் அல்லர். அவர் பேசியது பிழையான ஆங்கிலமும் அன்று. வணிக ஆங்கிலக் கையேடு பாராட்டக்கூடிய மென்மையான ஆங்கிலம் அது. உரத்துச் சொல்லவேண்டிய ஒரு சொல்லை அம்மென்மை விழுங்கிவிட்டது.

இடித்துரைத்தல்

1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரருகே மற்றொரு விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. அதில் இருந்தோர் அனைவரும் ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட விமானிகள். சக்கரங்கள் சரியாக இறங்கினவா என்னும் ஐயத்தில் தலைமை விமானி ஏறத்தாழ ஒரு மணி நேரம் வானில் சுற்றிக்கொண்டிருந்தார். எரிபொருள் குறைவதை உடனிருந்தோர் குறிப்பாகச் சொன்னார்கள். அவர் செவியில் தைக்குமாறு சொல்லவில்லை. 189 பேருள் 10 பேர் இறந்தனர். ஆகவே குறை ஆங்கில அறிவில் மட்டும் இல்லை. கீழிருப்போர் மேலிருப்போரிடம் பேசும் முறையிலும் இருந்தது.

ஆய்வுக்குழு இரு பரிந்துரைகளைச் செய்தது. துணைநிலையில் உள்ளோர் உறுதியுடன் எடுத்துரைக்கப் பயில வேண்டும். தலைமை விமானிகள் பிறரைக் கலந்து முடிவெடுக்கப் பயில வேண்டும். சொல்வோர்க்கும் கேட்போர்க்கும் பயிற்சி வேண்டும் என்பதே இதன் சிறப்பு. 1981இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் இப்பயிற்சியைத் தொடங்கியது. பின்னர் அது உலகெங்கும் பரவியது. 1989 ஜூலை 19 அன்று அந்நிறுவனத்தின் டி.சி.-10 விமானத்தின் வால்பகுதி எஞ்சின் வெடித்துச் சிதறியது. விமானத்தைத் திருப்பும் அமைப்புகள் யாவும் செயலிழந்தன. பயணியாக வந்த, விமானிகளுக்குப் பயிற்சி தரும் விமானி ஒருவரும் முன்னறைக்கு அழைக்கப்பட்டு, நால்வரும் கலந்து பேசி, எஞ்சின்களின் விசையைக் கூட்டியும் குறைத்துமே சியூ சிட்டி வரை விமானத்தைக் கொண்டுவந்தனர். 112 பேர் இறந்தனர். 184 பேர் பிழைத்தனர். அவ்வாறு பிழைக்கச் செய்தது அப்பயிற்சியே என்று தலைமை விமானி பின்னர்ப் பல மேடைகளில் கூறினார்.

தமிழுக்கு இக்கருத்து புதிதன்று. இடித்துரைத்தல் என்னும் சொல்லே தமிழில் உண்டு. இடித்துரைப்போர் இல்லாத மன்னனின் நிலையைப் பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் பேசுகிறார். அத்துணையைத் தேடிக்கொள்ளும் கடமையை அவர் மன்னன்மேல் வைத்ததும் நோக்கத்தக்கது.

மருத்துவமனையில்

இப்பாடம் அறுவை அரங்கிற்கும் சென்றது. 2006இல் அமெரிக்க அரசின் துறைகள் மருத்துவக் குழுக்களுக்கென ஒரு பயிற்சித் திட்டத்தை வெளியிட்டன. மூத்த மருத்துவரிடம் செவிலியர் ஒருவர் எவ்வாறு மறுத்துப் பேசலாம் என்பதற்கு அதில் மூன்று படிகள் உள்ளன. முதலில் 'எனக்குக் கவலையாக உள்ளது'. அடுத்து 'இது எனக்கு ஒப்பவில்லை'. இறுதியாக 'இது பாதுகாப்பைப் பற்றியது'. ஒவ்வொரு படியிலும் மென்மை குறைந்து உறுதி கூடுகிறது. இம்மூன்றையும் கேட்டால் வேலையை நிறுத்திச் செவிசாய்க்க வேண்டும் என்று மூத்தவர்க்கும் பயிற்றுவிக்கப்படுகிறது.

2008இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில், கத்தி வைக்குமுன் குழுவினர் அனைவரும் தம் பெயரையும் பணியையும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பதும் ஒரு விதி. புதுதில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அப்பட்டியலைப் பின்பற்றியபின் இறப்பு விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்ததாக 2009இல் ஆய்வு வெளிவந்தது. தொடக்கத்தில் ஒருமுறை வாய்திறந்தவர் இடையூறு நேரும்போதும் வாய்திறப்பார் என்பது பெயர் சொல்லும் விதியின் அடிப்படை.

கற்றுக்கொண்ட மொழியில் உழைப்போர்

1996 நவம்பர் 12 அன்று தில்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரி என்னும் ஊருக்கு மேலே, சவுதி விமானமும் கசக்ஸ்தான் விமானமும் வானில் மோதி 349 பேர் இறந்தனர். ஒருவரும் பிழைக்கவில்லை. கசக் விமானம் பணிக்கப்பட்ட உயரத்திற்குக் கீழே இறங்கியதே காரணம் என்றும், அவ்விமானக் குழுவினரின் ஆங்கிலப் பயிற்சிக் குறைவும் அதற்கு இடந்தந்தது என்றும் விசாரணையில் கூறப்பட்டது. இதன்பின் பன்னாட்டு வான்பயண அமைப்பு விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் மொழித்திறன் படிகளை வகுத்தது. ஆறு படிகளுள் நான்காம் படியையேனும் எட்ட வேண்டும் என்னும் விதி 2008 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது.

இங்கு ஒரு நீதியும் உண்டு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரும் வட்டார வழக்கையும் மரபுத்தொடரையும் தவிர்த்து, அயலார்க்கு விளங்குமாறு நிறுத்திப் பேசவேண்டும் என்று அவ்வமைப்பின் வழிகாட்டி நூல் கூறுகிறது. சுமை கற்றுக்கொண்டவர் தோளில் மட்டும் ஏற்றப்படவில்லை.

தமிழகத்திலிருந்து சென்று துறைமுகங்களிலும் கப்பல்களிலும் மருத்துவமனைகளிலும் கட்டடப் பணிகளிலும் ஆங்கிலத்தில் வேலைசெய்வோர் மிகப்பலர். அவர்களுக்கு இங்கே கற்பிக்கப்படும் ஆங்கிலம் பெரும்பாலும் நேர்காணலில் தம்மை அறிமுகம் செய்துகொள்ளும் ஆங்கிலம். 'நிறுத்துங்கள்', 'எனக்கு விளங்கவில்லை', 'மீண்டும் சொல்லுங்கள்', 'இது ஆபத்து' என்னும் நான்கு தொடர்களையும் தயங்காமல் சொல்லும் பயிற்சியே முதற்பாடமாக வேண்டும். விளங்கவில்லை என்று சொல்வதை மாணவர் இழிவாகக் கருதப் பழக்கிய வகுப்பறை, அவரைப் பணியிடத்தில் ஊமையாக்கி அனுப்புகிறது.

தமிழின் 'சரிங்க'

ஆங்கிலத்தின் 'ஓகே'க்கு உள்ள குறை தமிழின் 'சரி'க்கும் உண்டு. கட்டடத்தில் மேஸ்திரி ஒன்றைச் சொல்கிறார். கீழே நிற்கும் சித்தாள் 'சரிங்க' என்கிறார். காதில் விழுந்தது, விளங்கியது, உடன்படுகிறேன், செய்கிறேன், விளங்கவில்லை ஆயினும் மறுத்துக் கேட்க அஞ்சுகிறேன் என ஐந்து பொருளும் அச்சொல்லில் அடங்கும். அதன் ஈற்றில் நிற்கும் மரியாதை விகுதி ஐந்தாம் பொருளை மறைத்துவிடுகிறது.

ஆயினும் உரக்கச் சொல்லி உறுதிசெய்யும் மரபு தமிழர் உழைப்பில் இருந்ததே. களத்தில் நெல் அளப்பவர் முதல் மரக்காலை 'லாபம்' என்று தொடங்கி ஒவ்வோர் எண்ணையும் அனைவரும் கேட்கச் சொல்லி அளந்தார். ஏற்றம் இறைத்தோர் சால்களின் எண்ணிக்கையைப் பாட்டிலேயே வைத்துப் பாடினர். கணக்கு ஒருவர் மனத்தில் மறைந்திராமல் களம் முழுவதற்கும் பொதுவாயிற்று. முன்னர்ச் சுட்டிய பொதுவாக்குதல் என்னும் பொருள் இங்கே செயலாக நின்றது.

கவிஞர் பெருமக்களே, இருபொருளின் அழகைக் காப்பது உங்கள் தொழில். அதனை விட்டுவிடுமாறு இவ்வுரை வேண்டவில்லை. ஒரு சொல் எத்தனை பொருளுக்கு இடந்தரும் என்பதை உங்களைப்போல் அறிந்தோர் வேறிலர். அவ்வறிவு பணியிடத்திற்கும் தேவைப்படுகிறது. தமிழில் பணிமொழிச் சொற்களை ஆக்குவோர் அவையில் கவிஞர் ஒருவரும் அமரவேண்டும். ஒரு சொல் அகராதியில் அழகாக நிற்கிறதா என்பதோடு, இரைச்சலில் பிறழாமல் கேட்குமா, அஞ்சி நிற்கும் சித்தாளின் வாயில் அது எளிதாக எழுமா என்பதையும் அவர் சோதித்துச் சொல்லவேண்டும். டெனெரீஃபின் பொறியாளர் தலைமை விமானியின் விடையோடு அடங்கினார். அவர் மீண்டும் கேட்பதற்கு ஒரு சொல்லும், அதைக் கேட்டு நிற்பதற்கு ஒரு செவியும் அன்று தேவைப்பட்டன.

இடித்துரைக்கும் உரிமையோடு பத்து ஆண்டுகள் கூடியிருந்த இவ்வட்டம் அவ்வுரிமையை மேலும் பல ஆண்டுகள் போற்றி வளர்க என்னும் வாழ்த்தோடு இவ்வுரை நிறைவுபெறுகிறது.